மலை சும்மா... தரைக்குத்தான் விலை!

பினாமி விஷயத்தில் நம்மை அடித்துக்கொள்ள உலகத்தில் ஆளே இல்லை என்று நினைப்பவர்கள் ஒரு தடவை சைக்கிள் மிதித்துப் பார்க்க வேண்டும். எங்கே வேண்டுமானாலும் அல்ல. அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தில், ஜாக்ஸன் என்கிற சின்ன ஊரிலிருந்து வடக்கே கிளம்பும் ஒரு தார்ப் பாதையில்.

சைக்கிளுக்கும் பினாமிக்கும் என்ன ஸார் சம்பந்தம்? இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பாதை. ஜாக்ஸனில் ஆரம்பித்து, மூஸ் என்ற குட்டிக் கிராமம் வழியாக ஜென்னி ஏரி வரை ஏறத்தாழ 20 மைல். நம் கணக்கில் 32 கிலோமீட்டர். சுமார் பத்தடி அகலத்துக்கு வழுவழுவென்று தார். கார், பஸ், மோட்டார் பைக் எதற்கும் இடம் கிடையாது. நடக்கலாம், ஓடலாம், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வழுக்கலாம், சைக்கிள் விடலாம். பாதிக்கு மேல் கிராண்ட் டீட்டான் நேஷனல் பார்க்குக்குள்ளேயே போகிறது. ஜாக்ஸனே கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல், அதாவது நம்ம குன்னூர் உயரம். ஆனால் குன்னூர் என்றதும் மேட்டுப்பாளையத்துக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஞாபகத்துக்கு வந்தால் அழித்து விடுங்கள். இது கிட்டத்தட்ட சப்பாத்திக் கல் மாதிரி சமதளம்.

அதுதான் இந்த இடத்தின் விசேஷம். சாதாரணமாக மலை என்றால் முதலில் குட்டிக் குன்று, அப்புறம் கொஞ்சம் பெரிய குன்று என்று ஒரு மரியாதைக்காவது முன்னுரை இருக்கும். டீட்டான் மலைக்கு அந்தப் பழக்கமே இல்லை. சமதளம், சமதளம், சமதளம்... சட்டென்று சுவர். கிராண்ட் டீட்டான் சிகரம் 13,770 அடி. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து கணக்குப் பார்த்தால் சுமார் 7,000 அடி ஒரே மூச்சில் எழும்பி நிற்கிறது. மலையடிவாரத்தில் பூமியில் ஒரு பெரிய வெடிப்பு இருக்கிறது. பல லட்சம் வருஷங்களாக ஒவ்வொரு பூகம்பத்தின்போதும் ஒரு பக்கம் மேலே போக, மறுபக்கம் கீழே இறங்க, இறங்கின பள்ளத்தில் பனியாறு உருகி ஓடிய தண்ணீர் கூழாங்கல்லைக் கொண்டுவந்து கொட்டி மட்டம் செய்துவிட்டது. சைக்கிள் விடுகிறவர்களுக்காக இத்தனை வருஷம் கான்ட்ராக்ட் வேலை வேறு எங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

(டீட்டான் என்பதற்கு என்ன அர்த்தம்? மாதக்கணக்கில் பெண்வாடையே படாமல் பீவர் தோலுக்காகக் காட்டில் அலைந்த பிரெஞ்சு வேட்டைக்காரர்கள், தூரத்தில் தெரிந்த மூன்று சிகரங்களுக்கு வைத்த பெயர். குடும்பப் பத்திரிகை. இதற்கு மேல் வேண்டுமானால் பிரெஞ்சு தெரிந்த நண்பரைக் கேட்டுக் கொள்ளவும்.)

இப்போது பினாமி.

1926-ல் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தார். எண்ணெய் ராக்ஃபெல்லரின் பிள்ளை. பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து எல்லோஸ்டோன் பார்க்குக்கு அப்போது சூப்பரின்டென்டென்டாக இருந்த ஹொரேஸ் ஆல்பிரைட் கூடவே வந்து சுற்றிக் காட்டினார். மலை பிரமாதம். ஆனால் மலைக்கு முன்னால்? பெட்ரோல் பங்க், விளம்பரப் பலகை, தகரக் கொட்டகை, டான்ஸ் ஹால். சாமி சன்னதிக்கு எதிரே செருப்புக் கடை போட்ட மாதிரி. ராக்ஃபெல்லருக்கு முகம் சுளித்தது. ஆல்பிரைட்டுக்கு எதிர்பார்த்தது நடந்தது.

'ராக்ஃபெல்லர் வாங்குகிறார்' என்று தெரிந்தால் விலை என்ன ஆகும் என்று பி.காம். படிக்காதவர்களுக்குக்கூடத் தெரியும். அதனால் 1927-ல் ஸ்நேக் ரிவர் லேண்ட் கம்பெனி என்று ஒன்று முளைத்தது. பார்த்தால் ஏதோ மாட்டுப் பண்ணைக் கம்பெனி மாதிரி இருக்கும். ஜாக்ஸனில் ராபர்ட் மில்லர் என்று ஒரு பாங்க்காரர். ஊரில் பாதிப் பேருடைய அடமானப் பத்திரம் அவர் பீரோவில். அவரையே ஏஜென்டாகப் போட்டு ஏக்கர் ஏக்கராக வாங்கச் சொன்னார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், நேஷனல் பார்க் பெரிதாகக் கூடாது என்று அந்த வட்டாரத்தில் உரக்கச் சொன்னவர்களில் மில்லரும் ஒருவர். யாருக்காக வாங்குகிறோம் என்று தெரியாமலே, தான் எதிர்த்த காரியத்துக்குத் தானே கமிஷன் ஏஜென்டாக இருந்திருக்கிறார்! பினாமிக்கே தெரியாத பினாமி. நம் ஆட்கள் இந்த அளவுக்கு இன்னும் போகவில்லை.

கடைசியில் கம்பெனி வாங்கியது சுமார் 35,000 ஏக்கர். செலவு ஏறத்தாழ 14 லட்சம் டாலர். வகுத்துப் பாருங்கள், ஏக்கர் சராசரி 40 டாலர்.

1930-ல் குட்டு உடைந்தது. ஊரே கொதித்தது. 1933-ல் செனட் கமிட்டி ஜாக்ஸனுக்கே வந்து உட்கார்ந்து விசாரித்தது. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை என்று எழுந்து போனது. இதற்கு நடுவில், 1929-லேயே கிராண்ட் டீட்டான் நேஷனல் பார்க் ஆரம்பித்தாகிவிட்டது. ஆனால் அதில் இருந்தது பெரும்பாலும் மலையும் அடிவாரத்து ஏரிகளும்தான். மலையைக் கொடுப்பதில் யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. மாடு மேயாது, பயிர் விளையாது, கடை போட முடியாது. எடுத்துக்கொள் ராஜா! சண்டை எல்லாம் தரைக்குத்தான்.

தான் வாங்கிய நிலத்தைச் சும்மா தருகிறேன் என்று ராக்ஃபெல்லர் சொல்லியும், வாங்கிக்கொள்ள அரசாங்கத்தால் முடியவில்லை. வயோமிங்கின் எதிர்ப்பு அப்படி. வருஷா வருஷம் சொத்து வரியைக் கட்டிக்கொண்டே பதினைந்து வருஷம் காத்திருந்த மனிதர், 1942-ல் கடிதம் எழுதினார். வாங்கிக் கொள்வதாக இல்லையென்றால் வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவேன். உடனே வேலை நடந்தது. 1943 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பார்லிமென்ட்டைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுப் பள்ளத்தாக்கில் 2 லட்சத்து 20 ஆயிரம் ஏக்கருக்கு மேல் 'நேஷனல் மான்யுமென்ட்' என்று அறிவித்துவிட்டார்.

அடுத்து வந்தது அசல் சினிமா. மே மாதம் வாலஸ் பீரி என்ற ஹாலிவுட் நடிகர், ஆஸ்கர் வாங்கியவர், வயது 58, கையில் துப்பாக்கியோடு குதிரையில் ஏறி, உள்ளூர்ப் பண்ணைக்காரர்களையும் 500-க்கு மேற்பட்ட மாடுகளையும் கூட்டிக்கொண்டு, அனுமதி இல்லாமல் அந்த நிலத்தைக் குறுக்கே கடந்தார். போராட்டம்! பார்க் ஆட்கள் சமர்த்தாக ஒதுங்கிக் கொண்டார்கள். கைது, தடியடி எதுவும் இல்லாததால் போட்டோவுக்கு அவ்வளவு எடுப்பாக அமையவில்லை. எதிர்த்த பண்ணைக்காரர்களை வில்லன் என்று சொல்லிவிட முடியாது. தாத்தா காலத்திலிருந்து மாடு மேய்த்த இடத்தில், என்றைக்கோ ஒருநாள் வரப்போகிற டூரிஸ்டுக்காக வேலி போட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? 1949 டிசம்பரில் ராக்ஃபெல்லர் 32,000 ஏக்கருக்கு மேல் தானமாகக் கொடுத்தார். 1950-ல் ட்ரூமன் கையெழுத்தில் மலையும் தரையும் ஒரே பார்க் ஆயின. அதற்கு ஈடாக, இனிமேல் வயோமிங்கில் பார்லிமென்ட்டைக் கேட்காமல் எந்த ஜனாதிபதியும் இப்படிச் செய்ய முடியாது என்று சட்டத்திலேயே எழுதி வாங்கிக் கொண்டார்கள். இன்றைக்கும் அது இருக்கிறது.

அந்தத் தரையில்தான் போன ஜூன் மாதம் சைக்கிள் மிதித்தேன்.

தங்கை குடும்பம் சால்ட் லேக் சிட்டியில். அங்கிருந்து காரில் ஐந்து மணி நேரம். முழு 20 மைலுக்கும் ஆசை இருந்தது, காலுக்கு இல்லை. அதனால் மூஸில் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஜென்னி ஏரி வரை 8 மைல் மட்டும் போவதாக ஏற்பாடு. எனக்கும் தங்கைக்கும் அவள் பெண்ணுக்கும் சாதா சைக்கிள். மாப்பிள்ளை மட்டும் பாட்டரி சைக்கிள் எடுத்துக் கொண்டார்.

"ஏன் மாப்ளே, முழங்கால் வலியா?"

"இல்ல மச்சான், டெக்னாலஜியை சப்போர்ட் பண்ணணும்ல!"

ஸ்நேக் ஆற்றுப் பாலம் தாண்டியதும் கட்டணச் சாவடி. சைக்கிளில் போனாலும் நுழைவுக் கட்டணம் உண்டு. இன்ஜின் இல்லை, புகை இல்லை என்று வாதாடிப் பிரயோஜனம் இல்லை. பக்கத்திலேயே 1925-ல் மரக்கட்டையால் கட்டிய சின்னச் சர்ச். உள்ளே பலிபீடத்துக்குப் பின்னால் படம், சிலை எதற்கும் மெனக்கெடாமல் ஒரு பெரிய ஜன்னல் வைத்துவிட்டார்கள். ஜன்னலில் டீட்டான். பிரசங்கம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

பாதை அதற்குப் பிறகு சேஜ்பிரஷ் என்ற சாம்பல் பச்சைப் புதருக்கு நடுவே நெளிந்து நெளிந்து போகிறது. இலையைக் கசக்கினால் கற்பூரமும் மருந்துக் கடையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. சமதளம் என்று சொன்னேனே தவிர, 8 மைலில் சுமார் 300 அடி ஏற்றம் மறைவாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குத் தெரியும். மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிற பிராவிடன்ட் ஃபண்ட் மாதிரி. திரும்பி வரும்போது வட்டியோடு கிடைத்துவிடும். என்ன, மத்தியானத்துக்கு மேல் எதிர்க்காற்று அடித்தால் வட்டிக்கு வரி.

மாப்பிள்ளை பாட்டரியில் மிதக்க, நான் இன்ஜின் சூடான அம்பாஸடர் மாதிரி புஸ் புஸ் என்று பின்னால். முன்னால் பார்த்தால் தங்கை மகளைக் காணோம். பன்னிரண்டு வயசு. வளைவு தாண்டிப் போயேவிட்டாள்.

"ஏம்மா, பாப்பா தனியாப் போறாளே?"

"போகட்டும்ணா. ரோட்டுல விடுவேனா? இதுல என்ன பயம்?" என்று தங்கை நிதானமாகத் தண்ணி குடித்தாள். இந்தத் தங்கைதான் கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் பத்து நிமிஷம் நான் லேட்டாக வந்தால் வாசலில் நின்றவள்.

பாதையை ஒட்டி, கொஞ்சம் தள்ளி ரோடு. பஸ் சைஸுக்கு வீட்டு வண்டிகள் போய்க் கொண்டிருந்தன. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. பக்கவாட்டுக் கண்ணாடிகள் யானைக் காது மாதிரி வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் ரிடையராகி முதல் தடவை அத்தனை பெரிய வண்டியைத் தொட்டவராகக்கூட இருப்பார். அவர் கண்ணும் மலையில்தான் இருக்கும். யார்தான் அந்த மலையை விட்டுவிட்டு ரோட்டைப் பார்ப்பார்கள்? 2009 வரை சைக்கிள்காரர்களுக்கும் இதே ரோடுதான். ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்கு வெளியே கொஞ்சூண்டு தார். அவ்வளவுதான் இடம்.

1999-ல், குடும்பத்தோடு சைக்கிளில் சுற்றிப் பார்க்க வந்த 13 வயதுப் பெண் ஒருத்தி இந்தப் பார்க்கின் ரோட்டில் கார் மோதி இறந்து போனாள்.

அதற்குப் பிறகுதான் தனிப் பாதை வேண்டும் என்ற குரல் பலமாயிற்று. கூட்டம், மனு, அறிக்கை, அறிக்கை மேல் கருத்து, கருத்து மேல் இன்னோர் அறிக்கை. 2007-ல் திட்டத்துக்கு ஒப்புதல். 2009-ல் மூஸிலிருந்து ஜென்னி ஏரி வரை திறந்தார்கள். 2012-ல் ஜாக்ஸனிலிருந்து மூஸ் வரை. 1999-லிருந்து கணக்குப் பார்த்தால் முதல் 8 மைலுக்குப் பத்து வருஷம். வருஷத்துக்கு முக்கால் மைல் சொச்சம். அதுவும் மலையைக் குடையவில்லை, சுரங்கம் தோண்டவில்லை. சப்பாத்திக் கல்லில் தார் ஊற்றுவதற்கு!

சர்க்கார் வேலை, அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பாதி நிஜம். மீதிப் பாதி என்னவென்றால், சமதளம் சைக்கிளுக்கு மட்டும் பிடித்ததில்லை. மானுக்கும் பிடிக்கும். பைசனுக்கும் பிடிக்கும். ப்ராங்ஹார்ன் என்ற மான் மாதிரியான பிராணி, மணிக்கு 50 மைலுக்கு மேல் ஓடக்கூடியது, குளிர்காலத்துக்கு இங்கிருந்து கிளம்பி 100 மைலுக்கு மேல் தெற்கே போய்த் திரும்பி வரும். கரடிக்கும் இதே தரைதான். காரிலாவது சத்தம் வரும், கரடி விலகிக் கொள்ளும். சைக்கிள் பூனை மாதிரி சத்தமில்லாமல் வளைவில் திரும்பினால், திடுக்கிட்டுப் போவது முதலில் கரடி. அப்புறம்தான் நாம். ஒரு பத்தடித் தார் போட வேண்டுமென்றால் இத்தனை பேரிடமும் அபிப்பிராயம் கேட்க வேண்டியிருக்கிறது. மனுப் போடத் தெரியாதவர்கள் என்பதால் அவர்கள் சார்பில் விஞ்ஞானிகள்.

அதனால் நிபந்தனைகள் ஏராளம். கரடி, ஓநாய் என்றால் 100 கஜம், மற்ற மிருகம் என்றால் 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும். நாய் கூட்டி வரக்கூடாது. இருட்டிய பிறகு பாதையில் இருக்கக்கூடாது. இடுப்பில் கரடி ஸ்ப்ரே தொங்கவிட்டுக் கொள்வது நல்லது. மிளகாய்க் காரம் அடைத்த டப்பா. மாப்பிள்ளை எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒன்று வாங்கித் தானே வைத்துக் கொண்டார். கரடி வந்தால் அவர் பாட்டரியில் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று யோசித்து நான் அவரை விட்டு விலகவே இல்லை. (கொசு மருந்து மாதிரி உடம்பில் அடித்துக் கொள்வதற்கல்ல. கரடி மூஞ்சிக்கு.)

கரடி வரவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் 399 என்று நம்பர் கொடுத்த ஒரு பெண் கிரிஸ்லி கரடி இருந்தது. குட்டிகளோடு ரோட்டோரமாகவே உலாத்தும். ஆண் கரடிகளிடமிருந்து குட்டிகளுக்கு அதுதான் பத்திரம் என்று கண்டுபிடித்து வைத்திருந்தது என்பார்கள். 2020-ல் நாலு குட்டிகளோடு வெளியே வந்தபோது உலகம் முழுக்க அதன் போட்டோ. 2024 அக்டோபரில் ஜாக்ஸனுக்குத் தெற்கே ஹைவேயில் கார் மோதிச் செத்தது. வயது 28.

ஜென்னி ஏரியில் பாப்பா எங்களுக்கு முன்னாலேயே வந்து கல் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, நீங்க நடந்தா வந்தீங்க?"

பதில் சொல்ல மூச்சு இருந்தால்தானே. ஏரி, மலையின் காலடியில் அப்படியே அசையாமல் கிடந்தது. 1872-ல் சர்வே பண்ண வந்த கூட்டத்துக்கு வழிகாட்டிய வேட்டைக்காரரின் மனைவி பெயர் ஜென்னி. ஷோஷோனி இனத்துப் பெண். நாலு வருஷம் கழித்து அம்மையில் அவளும் ஆறு குழந்தைகளும் போய்விட்டார்கள். ஏரிக்கு மட்டும் பெயர் நிற்கிறது.

இன்னொரு விஷயம். மூஸிலிருந்து வில்ஸன் பக்கமாக ஒரு பழைய குறுகலான ரோடு போகிறது. அதிலும் தனிச் சைக்கிள் பாதை வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கைதான். அந்தச் சதுப்பு நிலத்தில் கரடியும் மூஸ் மானும் அதிகம் என்று 2016-ல் முடிவான திட்டத்தில் பாதை சேர்க்கப்படவில்லை. சைக்கிள்காரர்களுக்கு வருத்தம். என்னைக் கேட்டால், அந்த ஒரு இடத்தைக் கரடிக்கு விட்டுவிடலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் 1999-ல் நடந்ததைக் கேட்ட பிறகு இதை எந்த அப்பா அம்மா முகத்துக்கு நேராகவும் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை தோது. ஜூலை, ஆகஸ்டில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் சகஜம், காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். வலது பக்கம் போக வேண்டும், முந்தும்போது குரல் கொடுக்க வேண்டும். ஏப்ரலில் அந்தப் பக்கம் யாராவது இருந்தால் அவர்களுக்கு லாட்டரி. குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் பார்க் ரோட்டில் பனியை வாரித் தள்ளிவிடுவார்கள், ஆனால் மே 1-ம் தேதி வரை காருக்கு அனுமதி கிடையாது. அதுவரை டாக்கர்ட் ஏரிப் பக்கத்திலிருந்து வடக்கே 14 மைலுக்கு முழு ரோடும் சைக்கிளுக்கும் கால்நடைக்கும்தான்.

ஜாக்ஸன் பக்கத்துப் பாதைக்கு இந்த விதி தலைகீழ். அங்கே பாதையை ஒட்டி எல்க் மான்களின் சரணாலயம், 1912-லிருந்து இருக்கிறது. மலையில் பனி விழ ஆரம்பித்ததும் ஆயிரக்கணக்கான எல்க்குகள் கீழே இறங்கி, குளிர்காலத்தை அங்கேதான் கழிக்கின்றன. அவை கடந்து போக வேண்டும் என்பதற்காக, சரணாலயத்தை ஒட்டிய அந்தப் பாதையை நவம்பர் 1-ம் தேதி மூடிவிடுகிறார்கள். மறுபடி திறப்பது ஏப்ரல் 30-க்கு அப்புறம்.